இரண்டாம் சங்குக்குப் பிறந்தவன்

சாந்தன்பாறை,
12-7-1976, திங்கட்கிழமை.

பாலக்காடு கல்பாத்தியில் வாசம் செய்யும் மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் சுப்ரமணிய ஐயர் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வெங்கிடேஸ்வரன் சாஷ்டாங்கமாக நமஸ்காரம் பண்ணி எழுதிக்கொள்வது. அக்காவுக்கும் நமஸ்காரம். இவ்விடம் எல்லாரும் க்ஷேமம் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை. எழுதப் பார்த்தேன், பேனா அந்த வார்த்தையில் நின்றுவிட்டது. ஆகவே மழை, அட்டைக்கடி, என் இருமல் மூன்றும் வழக்கம்போல என்று மட்டும் தெரிவிக்கிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்கப் பிரார்த்திக்கிறேன். யாரைப் பிரார்த்திக்கிறாய் என்று கேட்டு என்னை மடக்க வேண்டாம். கடிதத்தில் அப்படி எழுதுவது வழக்கம், எழுதினேன்.

விஷயம் உங்கள் கார்டைப் பற்றியது. ஒரு மனுஷனுடைய ஆயுசைக் கார்டிலா எழுதுவார்கள், அத்திம்பேர்? ஒரு கவர் கிடைக்கவில்லையா அந்த ஊரில்? "ஜாதகனுக்கு நாற்பத்தொன்று நிறையுமுன் பலமான கண்டம், தப்புவது அரிது" என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்து அழகானது என்பதால் வழியெல்லாம் படித்திருக்கிறார்கள். கடைசியாகப் படித்தது எங்கள் தோட்டத்துத் தபால் சங்கையா. படித்ததோடு நிற்கிற ஆளா அவன்? டீக்கடையில் உரக்க வாசித்து, கண்டம் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்குப் பொருள் சொல்லி, ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போய்க் கருத்தப்பாண்டி வாசலில் துக்கமும் விசாரித்துவிட்டு, அதற்கப்புறம் ஆபீசுக்கு வந்து என் மேஜைமேல் வைத்தான். "மொத மொத நீங்கதான் படிக்கணும் சாமி" என்று மரியாதை வேறு.

உங்களுக்குக் கருத்தப்பாண்டியைப் பன்னிரண்டு கட்டமாகத்தான் தெரியும். ஆளைச் சொல்கிறேன், கேளுங்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் இந்த மலையில் அவனுக்கு ஜோடி கிடையாது. இந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவன். மே மாசக் கடைசியில் கவ்வாத்துக் கத்தி வழுக்கி இடது பாதத்தில் இறங்கிவிட்டது. புகையிலையை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வந்தான். பத்து நாளில் விரல் கறுத்தது. எங்கள் டிஸ்பென்சரி கம்பவுண்டர் யாக்கோபு ஊசி போட்டுப் பார்த்தான். அவன் ஊசி போடுமுன் சிலுவை போட்டுக்கொள்கிறவன்; ஏனப்பா என்று கேட்டால், "மருந்து பாதி சாரே, மத்தப் பாதிக்கு ஆள் வேணுமே" என்பான். அவனே கையை விரித்துவிட்டான். "விரல் போச்சு சாரே. இப்ப மலையிறங்கி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா காலைக் கொடுத்து ஆளை எடுக்கலாம். தாமசிச்சா ரெண்டும் இல்லை" என்றான்.

நான் போய்ச் சொன்னேன். கருத்தப்பாண்டி சிரித்துக்கொண்டே தகரப்பெட்டியைத் திறந்து, அவன் கல்யாணத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த ஜாதகத்தை எடுத்து என் கையில் வைத்தான். தீர்க்காயுசு, எழுபத்தெட்டு. கீழே உங்கள் கையெழுத்து. "பெறகு எதுக்கு சாமி காலை வெட்டணும்? எழுபத்தெட்டு வரைக்கும் ஒத்தக் காலோடயா இருக்கச் சொல்றீக?" என்றான். நான் கிருமியைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கும் ஒரு ஆயுசு இருக்கும்ல சாமி, முடிஞ்சா போயிரும்" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். செவ்வாய் கிரகத்துக்கு அமெரிக்காக்காரன் யந்திரம் அனுப்பியிருக்கிறான், அது இப்போது அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அங்கே வெறும் கல்லும் மண்ணும்தான், அதற்கு உன் காலைப் பற்றி என்ன கவலை என்று கத்தினேன். "அப்ப செவ்வா இருக்குன்னு அவுகளும் ஒத்துக்கிடுறாக" என்றான். இந்த ஆளிடம் நான் என்ன பேசுவது, சொல்லுங்கோ.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமலேயே இருந்திருக்கலாம். அந்தக் காலத்து துரை ஒருவர், பனி விலகுமுன் ஆட்களை மலையேற்ற வேண்டும் என்று ஃபாக்டரி கடிகாரத்தை நாற்பது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார். அன்று முதல் சங்கு ஊதுவது அந்தக் கடிகாரப்படிதான். தோட்ட நேரம் என்று அதற்குப் பெயர். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பஸ் பிடிக்கப் போகிறவன், ரேடியோவில் செய்தி கேட்கிறவன் எல்லாரும் நாற்பதைக் கழித்துக்கொள்கிறார்கள். பிள்ளை பிறந்தால் மட்டும் ஒருவரும் கழித்ததில்லை. லயத்தில் பிறந்த நேரம் என்றால் சங்குதான் கணக்கு. கருத்தப்பாண்டி யுவ வருஷம் புரட்டாசி நாலாம் தேதி இரண்டாம் சங்குக்குப் பிறந்தவன். இரண்டாம் சங்கு ஆறரை. நான் ஆறரை என்று உங்களுக்கு எழுதினேன், நீங்கள் ஆறரைக்குக் கணித்தீர்கள். நிஜத்தில் அப்போது மணி ஐந்து ஐம்பது. இருபத்தோரு வருஷமாக இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கச் சொல்கிற தலைமைக் குமாஸ்தா நான்; எனக்கே அது தோன்றவில்லை என்றால் வேறு யாரைச் சொல்லி என்ன பிரயோஜனம்.

நேரே அவனிடம் போனேன். "கருத்தப்பாண்டி, நீ கையில வச்சிண்டிருக்கறது உன் ஜாதகமே இல்லை. நாப்பது நிமிஷம் கழிச்சு எவனோ பிறந்திருந்தா அவனோடது. அந்த எழுபத்தெட்டு உனக்கில்லை. எழுந்து ஜீப்புல ஏறு" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவன் முகம் விழுந்துவிட்டது. பிறகு, "அப்ப என்னோடது எங்க சாமி? பாலக்காட்டுச் சாமிக்கு எழுதி வாங்கிக் குடுங்க. அதைப் பாத்துட்டுப் போறேன்" என்றான். நானும் உங்களுக்கு எழுதினேன். நீங்கள் எழுபத்தெட்டை எழுபத்தைந்தாக்கி அனுப்புவீர்கள், சங்குக்குத் தக்கபடி ஆயுசு ஆடுவதைப் பார்த்து அவனுக்கே சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்தோடு ஜீப்பில் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீங்கள் நாற்பத்தொன்று என்று எழுதினீர்கள். வருகிற புரட்டாசியில் அவனுக்கு நாற்பத்தொன்று நிறைகிறது. மூடநம்பிக்கையைப் போக்கப் போனவன், அதற்குச் சரியான நேரம் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கார்டு வந்த அன்று போனேன். சங்கையா எனக்கு முன்னாலேயே சேதி சொல்லியாயிற்றே, கருத்தப்பாண்டி சுவரில் சாய்ந்து தெளிவாக உட்கார்ந்திருந்தான். மூன்று வாரத்தில் அவ்வளவு நிம்மதியாக அவனை நான் பார்த்ததில்லை. "எழுபத்தெட்டுன்னா போக வேண்டியதில்ல. நாப்பத்தொண்ணுன்னா போயிப் புண்ணியமில்ல. ரெண்டுலயும் ஆஸ்பத்திரி இல்ல பாத்தீகளா சாமி" என்றான். அறைக்குள் நாற்றம் தாங்கவில்லை. அவன் சம்சாரம் முத்துப்பேச்சி மூலையில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அவனுக்காக விரதம் இருக்கிறவள். சூரியோதயத்துக்கு முன்னால் பிறந்தவனுக்கு முதல் நாள்தான் கணக்கு என்று நீங்கள் கார்டின் ஓரத்தில் சந்தடிசாக்கில் சேர்த்திருந்தீர்களே, அதனால் வெள்ளிக்கிழமைக்காரன் வியாழக்கிழமைக்காரன் ஆகிவிட்டான். அவளுடைய பட்டினி முழுக்க வேறு கிழமையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் அந்த வார வியாழக்கிழமையும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை என்று யாக்கோபு சொன்னான்.

இதற்கு நடுவில் தோட்டத்தில் நடக்கிற கூத்தையும் கேளுங்கள். உங்கள் கையெழுத்தில் இங்கே அறுபத்துமூன்று ஜாதகம் இருக்கிறது. அறுபத்துமூன்று பேரும் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். பழனிச்சாமி என்று ஒருத்தன், பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் கட்டினேன், இப்போது எத்தனை பொருத்தம் மிச்சம் என்று கேட்கிறான். கேட்கிற முகத்தில் வருத்தம் இல்லை, அதைக் கவனித்த அவன் சம்சாரம் விறகுக்கட்டையோடு பின்னாலேயே வந்துவிட்டாள். பிலோமி மாதா கோவிலுக்குப் போகிறவள், அவளுக்கு ஜாதகமே கிடையாது. இல்லாத ஜாதகத்திலும் நாற்பது நிமிஷம் குறையுமா என்று அவளுக்குக் கவலை. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, கம்பெனி கடிகாரத்தைக் கொலைகாரன் என்று சொன்னாயாமே என்று விசாரிக்கிறார். நான் சொன்னது கணக்குத்தான் ஸார் என்றேன்.

இன்று காலை முத்துப்பேச்சி ஆபீசுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இந்தப் படி ஏறினதில்லை. நனைந்துகொண்டே நின்றவளை உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "சாமி, நீங்க சொன்னா அவுக கேக்கமாட்டாக. நான் சொன்னாலும் கேக்கமாட்டாக. சாதகம் சொன்னா கேப்பாக. அப்ப சாதகத்தையே சொல்ல வச்சிருங்க" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஆஸ்பத்திரி மலைக்குக் கிழக்கதான இருக்கு? கிழக்க எறங்கினா கண்டம் வெலகும்னு பாலக்காட்டுச் சாமிய எழுதச் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுறேன்" என்றாள். இருபத்தோரு வருஷமாக நான் படித்த புத்தகம் எதிலும் இவ்வளவு தெளிவான யோசனை இல்லை, அத்திம்பேர்.

ஆகையால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மூன்றாவதாக ஒரு ஜாதகம் எழுதுங்கள். கவரில் எழுதுங்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முக்கியமான வரியைச் சிவப்பு மையில் போடுங்கள். "கிழக்குத் திசையில் மலையிறங்கி, அந்நியன் கை ஆயுதத்தால் அங்கத்தில் ரத்தம் கண்டால் கண்டம் விலகித் தீர்க்காயுசு" என்று அப்படியே எழுதினால் போதும். காலை வெட்டுகிற டாக்டர் அந்நியன்தான், கத்தி ஆயுதம்தான், ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. சாஸ்திரத்தில் கை வைக்கமாட்டேன் என்று நீங்கள் சொல்வீர்கள் என்பது தெரியும். தப்பான நேரத்துக்கு எழுபத்தெட்டு எழுதினபோது சாஸ்திரம் ஒன்றும் குறைந்துவிடவில்லையே. சின்ன வயசிலிருந்து ராகுவும் கேதுவும் வெறும் நிழல் என்று உங்களோடு சண்டை போட்டவன் நான். இனிமேல் போடமாட்டேன். அமாவாசை, கிரகணம், எதற்கு வேண்டுமானாலும் நீங்கள் சொல்கிறபடி ஸ்நானம் பண்ணுகிறேன். அந்த ஒரு கவரை மட்டும் மறு தபாலில் அனுப்பிவிடுங்கள். யாக்கோபு நாலைந்து நாள் என்று சொல்கிறான். அவன் அதைச் சொல்லும்போது சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்காவிடம் என் தவறை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அங்கே பெரியவர்கள் எல்லாருக்கும் என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி. சர்வேசுவரன் எல்லாரையும் காப்பாற்றுவான் என்று எழுதி முடிக்க வேண்டும், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பையும் கவரையும் எதிர்பார்க்கும்,
வெங்கிடேஸ்வரன்.

பின்குறிப்பு: மேலே உள்ளது திங்கட்கிழமை எழுதினது. பூப்பாறைப் பக்கம் மண் சரிந்து தபால் ஜீப் போகவில்லை. இன்று வியாழன். கருத்தப்பாண்டி நேற்று மத்தியானம் போய்விட்டான். ஆகையால் கவர் வேண்டாம், மஞ்சளும் சிவப்பு மையும் வேண்டாம். லயத்தில் எல்லாரும் நீங்கள் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். நாற்பத்தொன்று நிறையவில்லை, சொன்ன சொல் தப்பவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். அழுகின காலைப் பற்றி யாரும் பேசவில்லை. எடுக்கிறதற்கு முன்னால் முத்துப்பேச்சி என்னைப் பார்த்து, "சாமி, நீங்க அந்தச் சரியான நேரத்தச் சொல்லாம இருந்திருந்தா அவுக எழுபத்தெட்டு வரைக்கும் இருந்திருப்பாகளோ?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியும். காரணமும் தெரியும். மூங்கில் போதுமா என்று பார்க்கிற சாக்கில் அந்தண்டை போய்விட்டேன்.

இன்னொன்று. என் பெண் பாகீரதி பிறந்ததும் இந்தத் தோட்டத்தில்தான். எட்டே கால் என்று நான் உங்களுக்கு எழுதினது டிஸ்பென்சரி கடிகாரத்தைப் பார்த்து. அதையும் சங்குக்குத்தான் சரிபண்ணி வைப்பார்கள். நீங்கள் எழுதின அவள் ஜாதகத்தில் தொண்ணூறு வயசு போட்டிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். நாற்பதைக் கழித்துப் பார்க்க வேண்டாம். இதற்குள் பார்த்திருந்தால், தயவு பண்ணி எனக்குச் சொல்லாதீர்கள்.