ஜுமானா மதுரையில் மயங்கி விழுந்த விவகாரம்

பேரன்பிற்குரிய சுஐபு மச்சானுக்கு, இராமநாதபுரத்திலிருந்து தங்கள் தங்கை மாப்பிள்ளை ஹசன் அலி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. தாங்கள் லண்டனில் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

தாங்கள் பேசி முடித்த லண்டன் சம்பந்தம் கைநழுவிப் போகிறது மச்சான். மாப்பிள்ளை முஸ்அப் அங்கேயே பிறந்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால், என் மகள் ஜுமானாவைப் பற்றி நானே இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். பிள்ளை மதுரை காலேஜில் ‘பாஸ்ட் அவுட் வித் டிஸ்டிங்ஷன்’ என்றேன். படித்து முடித்ததை நம்ம ஊரில் வேறெப்படிச் சொல்வது? அவள் உம்மாவும் அதே காலேஜில் பாஸ்ட் அவுட், தம்பி வருகிற ஏப்ரலில் பாஸ் அவுட் ஆவான் என்று குடும்பப் பெருமையையும் சேர்த்தேன். அந்த நாட்டில் அதற்கு மயங்கி விழுவது என்று அர்த்தமாம்! மாப்பிள்ளையின் வாப்பா மதார் பாய் போன் போட்டு, “உம்மாவுக்கும் இருக்கா? பரம்பரையா வருதா? பையன் ஏப்ரல்ல ஆவான்னு இப்பவே எப்புடித் தெரியும்?” என்று கேட்டார். எனக்கு ஒரு எழவும் புரியல. “அல்ஹம்துலில்லாஹ், எங்க வீட்டுல பாஸ் அவுட் ஆகாத ஆளே இல்ல பாய்”னு பெருமையாச் சொல்லித் தொலைச்சேன். அவரு சாவு சேதி கேட்ட மாதிரி “இன்னாலில்லாஹி”ன்னு போனை வச்சுட்டாரு. திருப்பிப் போட்டா எடுக்கமாட்டேங்குறாரு.

அர்த்தத்தைச் சொன்னது ஜுமானாதான். சொல்லிட்டு உள்ளே போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. அவ அனுப்புன மெசேஜையும் மாப்பிள்ளை தொறந்து பாக்கல. அதுக்குள்ள விஷயம் தெருவுக்குப் போயிருச்சு. எதிர்வீட்டு ரம்ஜான் பீவி ஓதின தண்ணியோட வந்து, “ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க, தெளிஞ்சுரும்”ங்குறா. பஸ்ஸுல பிள்ளையைக் கண்டதும் எந்திரிச்சு எடம் குடுக்குறாங்க. உங்க தங்கச்சி நூர் நிஷா என் மொகத்தையே பாக்கமாட்டேங்குறா. அந்தப் பையன்கிட்டப் பேசுறப்ப பிள்ளை சிரிச்ச சிரிப்பை எங் கண்ணால பாத்தேன். நானே அதைக் கெடுத்துட்டேனே! நீங்க நேர்ல போயி, ஜுமானா பொறந்ததுலருந்து ஒருதடவகூட மயங்கி விழுந்ததில்லைன்னு அடிச்சுச் சொல்லணும்.

தங்கள் மனைவி காலிதா லாத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷையும் தருவானாக.

தங்கள் துஆவை நாடும்,
ஹசன் அலி

பி.கு.: மச்சான், போயிராதீங்க! இப்பத்தான் மதார் பாய் பேசினார். “நீங்க மறைக்காம எழுதுனீங்க, நாங்கதான் மறைச்சுட்டோம். குர்பானிக்கு ஆடு அறுக்குறதைப் பாத்தாலே எங்க முஸ்அப் மயங்கி விழுந்துருவான். அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு, நிக்காஹுக்கு நாள் குறிங்க” என்கிறார். தாங்கள் தயவுசெய்து எதையும் திருத்திச் சொல்லிவிட வேண்டாம். நிக்காஹ் அன்றைக்குப் பேருக்கு ஒருதடவை விழுந்து வைம்மா என்று ஜுமானாவிடம் கெஞ்சினேன். கதவைத் திறந்துகொண்டு வந்து சிரிக்கிறாள். “ரெண்டு பேரும் விழுந்தா யாரு வாப்பா தூக்குறது?” என்கிறாள்.