அண்ணாச்சி நம்பர் பார்த்த கதை

பெண் பார்க்கப் போனவர்கள் உண்டு, மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் உண்டு, மனை பார்க்கப் போய் ஏமாந்து வந்தவர்களும் உண்டு. ஒரு போன் நம்பருக்காக நாலு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியவர் இந்த பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கிரைண்டர் அண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர் புனேயில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டிலேயே கிரைண்டர் அண்ணாச்சி என்றுதான் போட்டிருக்கும் என்பார் என் வீட்டுக்காரர்.

புனேயில் மிக்ஸி ரிப்பேருக்கு ஆயிரம் பேர் இருந்தார்கள். ஊரிலிருந்து கோணி சுற்றி ரயிலில் ஏற்றி வந்த வெட் கிரைண்டர் நின்றுபோனால் ஆள் கிடையாது. பக்கத்துக் கடை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் உள்ளே கிடக்கும் கல்லைப் பார்த்து, "பாபி, யே கியா ஹை?" என்று, அண்ணி இது என்ன என்று நம்மிடமே விசாரிப்பார். அதனால் விஷ்ராந்த்வாடியில் எங்களுக்கும், வானவடியில் ராணுவக் குடும்பங்களுக்கும், கட்கி குவார்ட்டர்ஸ்காரர்களுக்கும் அண்ணாச்சியை விட்டால் கதியில்லை. கல் கொத்துவார், பெல்ட் மாற்றுவார், மோட்டாரைப் பிரித்துப் பூட்டுவார். வீடு கசார்வாடியில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில். போன் மட்டும் கிடையாது. வாரத்துக்கு ஒரு பகுதி என்று பழைய மொபெட்டில் சுற்றி வருவார். நம் கிரைண்டர்தான் அவர் வருகிற வாரமாகப் பார்த்துப் பழுதாக வேண்டும்.

செல்போனில் இன்கமிங் இலவசமான சமயம் அது. எங்கள் தெருக் கடைக்குப் பாக்கெட் மாவும் அப்போதுதான் வந்திருந்தது. ஒரு நாள் அண்ணாச்சி என் சமையல் மேடையில் அதைப் பார்த்துவிட்டார்.

"இது என்னது தங்கச்சி?"

"கிரைண்டர் நின்னுருச்சு அண்ணாச்சி. நீங்க வர இன்னும் ஒம்பது நாள் இருந்துச்சு. அதான்..."

"எத்தன பாக்கெட்டு?" துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"நாலு."

அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு சனிக்கிழம மிஷின் பந்த் ஆச்சுன்னா பாக்கெட்டு உள்ள வந்திரும். வந்துட்டா போவாது. அதோட என் பொழப்பும் போச்சு. போன் வாங்கிர வேண்டியதுதான்."

வாங்குங்கள் என்றேன். வாங்குவது அவ்வளவு எளிதா என்ன?

"நம்பர் சும்மா இருந்தாப் பத்தாது தங்கச்சி. கிரைண்டர் எப்ப நிக்கும்? பாதி மாவுல நிக்கும். கையெல்லாம் மாவு. அப்ப டைரியத் தேடுவியளா, பீரோவத் தொறப்பியளா? நம்பர் தானா வாயில வரணும்."

அப்படி ஆரம்பித்ததுதான் எங்களுடைய பரீட்சைக் காலம். சிம் கார்டு கடையில் காலியாக இருந்த நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி வந்தார். கிரைண்டர் கடகடவென்று ஓடும்போது அதில் ஒன்றை உரக்கப் படிப்பார். ஒரு வாரம் கழித்து, நாம் மாவு வழிக்கிற நேரமாகப் பார்த்து வாசலில் நின்று, "சொல்லுங்க பாப்போம்" என்பார். சொன்னால் பாஸ். திணறினால் "நாபாஸ்" என்று மராட்டிப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நோட்டில் குறித்துக்கொள்வார். பத்தாம் வகுப்பில்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை. அவர் மொபெட் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கடைக்காரருக்கும் பொறுமை போயிற்று. "காகா, சிம் லேனா ஹை யா பஹூ?" என்று கேட்டாராம். சிம் வாங்க வந்தீரா, மருமகள் தேட வந்தீரா என்று. தொல்லை விட்டால் போதுமென்று, நாலு என்ற எண்ணே வரிசையாக வருகிற ஃபேன்ஸி நம்பர் ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறார். இதைவிட சுலபமான நம்பர் உண்டா என்று எல்லோரும் நினைத்தோம். பரீட்சையில் நான் அஞ்சு நாலு சொன்னேன். என் வீட்டுக்காரர் ஆறு என்று அடித்துப் பேசினார்.

"வானவடி சுபேதார் வீட்டு அம்மா எட்டு நாலு சொல்லுதாங்க. அவ்வளவு நாலுக்கு நான் எங்க போவேன்?" என்று அண்ணாச்சி அந்தப் பக்கத்தையே கிழித்தார்.

இன்னொரு நம்பரை நான் ஒரே மூச்சில் சொன்னேன். அதில் எங்கள் கல்யாண வருஷம் இருந்தது. பெருமையாக விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்களுக்குக் கல்யாணம் ஆன வருசத்துலதான் கட்கி முழுக்கக் கல்யாணம் ஆச்சா? எல்லாத்துக்கும் தெரிஞ்சதா ஒண்ணு வேணும்லா!"

அந்த ஒன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் கிடைத்தது. அண்ணாச்சி கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர், என்னோடு சண்டை போட்டபடியே ரயில் ரிசர்வேஷன் ஃபாரம் நிரப்பினார். வண்டி எண் என்ற கட்டத்தில் குனிந்துகூடப் பார்க்காமல் நாலு எண்ணை எழுதினார்.

"மாப்ளே, அத எங்க பாத்து எழுதுனிய?"

"இதுக்கு எதுக்குப் பாக்கணும்? ஊருக்குப் போற வண்டியாச்சே."

அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டுப் போனவர்தான். என் கிரைண்டர் மூன்று நாள் குடல் சரிந்து கிடந்தது.

பம்பாயிலிருந்து கிளம்பி, புனேயில் நின்று, திண்டுக்கல், மதுரை என்று தெற்கே போகிற வண்டி அது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதை விட்டால் வேறு வண்டியில்லை. பிள்ளைகளின் பிறந்த நாள் மறந்தாலும் அந்த நாலு எண் மறக்காது. பிம்ப்ரியிலிருந்து ஹடப்சர் வரை கடை கடையாக அலைந்து, அந்த எண்ணில் முடிகிற சிம் கார்டை அண்ணாச்சி பிடித்துவிட்டார். அதில் ஃபேன்ஸி ஒன்றுமில்லை என்று யாரும் சீண்டாமல் கிடந்ததாம். முதல் ஐந்து கம்பெனிக்கு உரியது, அடுத்து ஒரு சைபர், அப்புறம் ரயில். அடுத்த வாரப் பரீட்சையில் புனே முழுக்க பாஸ். அண்ணாச்சி வீடு வீடாக அல்வா கொடுத்தார்.

முதல் அழைப்பு வானவடியிலிருந்து வந்தது. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"அண்ணாச்சி, வண்டி இன்னிக்கு எவ்வளவு லேட்டு?"

கூப்பிட்டவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம்பரை நினைத்தால் ரயில் ஞாபகம், ரயிலை நினைத்தால் நம்பர் ஞாபகம். ஸ்டேஷன் விசாரணைக்கு அடித்தால் எப்போதும் எங்கேஜ்டு. கூப்பிட்டால் போகலாமென்று வீட்டிலேயே இருந்த அண்ணாச்சிக்கு ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். வண்டி கசார்வாடி தாண்டித்தானே புனே வர வேண்டும்? "இப்பதான் போவுது. இருவது நிமிசத்துல ஸ்டேஷன்" என்று அவர் சொன்னால் அது தப்பியதில்லை. விஷயம் பரவிவிட்டது. எஸ் ஆறு பெட்டி முன்னால் வருமா, பின்னால் வருமா என்று கேட்டார்கள். அவரும் எண்ணிச் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல அந்த மனிதருக்குத் தெரியாது. கடைசியில் மட்டும், "கிரைண்டர் எப்படி ஓடுது?" என்று ஒரு வார்த்தை கேட்பார். நல்லா ஓடுது என்று சொல்லிவிட்டு எல்லோரும் வைத்துவிடுவார்கள். கிரைண்டருக்கென்று வாங்கிய நம்பரில் கிரைண்டருக்காக மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

நான் யோக்கியமா? இல்லை. பாக்கெட் மாவு வாராவாரம் வீட்டுக்குள் வந்தது. கிரைண்டர் பரணுக்கு ஏறிவிட்டது. அண்ணாச்சி கேட்கும்போதெல்லாம், "ஜம்முனு ஓடுது அண்ணாச்சி" என்று கூசாமல் புளுகினேன்.

ஒரு ஆடி மாதத்து மத்தியானம், திண்டுக்கல்லிலிருந்து தம்பி போன் செய்தான். அப்பாவுக்கு நெஞ்சு வலி, உடனே கிளம்பி வா என்றான். வண்டிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. கையில் கிடைத்த புடவைகளைத் திணித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆளந்தி ரோட்டில் கொட்டுகிற மழை. பாலத்தில் ஆட்டோ அரை மணியாக நகரவில்லை. இந்த வண்டியை விட்டால் அப்பாவைப் பார்ப்பேனா என்று தெரியாது. செல்போனை எடுத்து அந்த நம்பரை அடித்தேன்.

"அண்ணாச்சி, வண்டி போயிருச்சா?"

என் குரலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "இல்ல தங்கச்சி. இன்னும் வரல. நான் வெளியதான் நிக்கேன். நீ பதறாம வா."

பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அவரே கூப்பிட்டார். "இன்னும் வரல." "இன்னும் வரல, எங்க இருக்க?" பின்னால் மழைச் சத்தம் கேட்டது. ஜன்னலை நம்பாமல் தண்டவாளத்துக்கு அருகிலேயே போய் நின்றிருக்கிறார். நான் ஸ்டேஷன் வாசலில் இறங்கியபோது மறுபடி அடித்தது. "இந்தா போவுது! டிரைவர்கிட்டக் கைய ஆட்டிச் சொல்லியிருக்கேன். நல்லபடியாப் போயிட்டு வா." அன்றைக்குத்தான் அவர் கிரைண்டரைப் பற்றிக் கேட்கவில்லை. ரயிலில் உட்கார்ந்து அதை நினைத்துத்தான் நான் முதலில் அழுதேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாளே ஆஸ்பத்திரி இட்லியைக் குறை சொன்னார். புனே திரும்பியதும் முதல் வேலையாகப் பரணிலிருந்து கிரைண்டரை இறக்கி, அரிசி ஊறப் போட்டேன். இரண்டு வருஷம் தொடாத பாவி மிஷின் பழுதாகியிருக்கும் என்று பார்த்தால், சுவிட்சைப் போட்டதும் குதிரையாக ஓடியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நிறுத்தி, சாய்த்து, அடித்தட்டைத் திறந்து, பெல்ட்டை நானே கழற்றி எடுத்தேன். பிறகு மாவுக் கையோடு போனை அமுக்கினேன்.

"அண்ணாச்சி, கிரைண்டர் நின்னுருச்சு."

"கிரைண்டரா?" என்றார்.

"ஆமா. பாதி மாவுல."

அரை மணியில் வந்து நின்றார். அடித்தட்டைத் திறந்தார். உள்ளே பெல்ட் இல்லை. அவசரத்தில் நான் அதை அழகாக மடித்து மேடைமேல் வைத்திருந்தேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பருப்பு டப்பாவை எதற்கோ திறந்து மூடினேன்.

"பழைய பெல்ட்டுலா. இப்படித்தான் கழண்டுக்கிடும்" என்று சொல்லி மாட்டிவிட்டு, மாவு அரைபடுகிற வரை பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அல்வா கொடுத்த நாளில்கூட நான் பார்த்ததில்லை.

நாங்கள் புனேயை விட்டுக் கிளம்பும் வரை அந்த பெல்ட் மாதம் ஒரு முறை கழன்றுகொண்டுதான் இருந்தது. ஏன் என்று அண்ணாச்சி ஒரு நாளும் கேட்கவில்லை.