மூக்குக்காக ஏறிய எடை

குத்துச்சண்டைக்காரரின் மூக்குக்கு விலை, இரண்டு படுக்கையறை வீடு. பத்து வருடம் மோதியும் கோணாத மூக்கு அது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதை விளம்பரப் பலகையில் ஏற்றியிருந்தார். வீட்டுக் கடன் அந்தப் பணத்தில்தான் ஓடியது. மூக்கு கோணினால் ஒப்பந்தம் ரத்து.

அறுபது கிலோப் பிரிவில் அடுத்த எதிராளி சம்மட்டி என்று தெரிந்ததும் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். சம்மட்டியின் குத்து முதலில் தேடுவதே மூக்கைத்தான்.

"தள்ளாதீங்க மாப்ளே, இழுத்துப் போட்டுச் சாப்பிடுங்க," என்றார் மனைவியின் அண்ணன்; மேலாளராக வாய்த்தவரும் அவரே. "எடை ஏறிட்டா அடுத்த பிரிவு. அவன் இங்க, நாம அங்க. பயந்துட்டான்னு ஒரு பய சொல்ல முடியாது."

சாப்பிட்டார். அறுபத்தைந்து கிலோவுக்குப் பெயர் கொடுத்து, எடை பார்க்கும் கூடத்துக்குள் நுழைந்தால், மெஷின் மேல் நிற்கிறான் சம்மட்டி!

"துரத்திக்கிட்டு வர்றான் மாப்ளே!"

"இப்ப என்ன பண்றது?"

"தோள்ல சுளுக்குன்னு சொல்லிட்டு, இன்னும் சாப்பிடுங்க."

எழுபதிலும் சம்மட்டி. எழுபத்தைந்திலும் சம்மட்டி, தொப்பையோடு.

இதற்குள் கண்ணாடிக் கடைக்காரர் கையைப் பிசைந்தார். "மூக்கு பத்திரமா இருக்கு சார். கன்னம்தான் ஃபிரேமைக் காதுக்குப் போக விடமாட்டேங்குது."

"அவன்கிட்ட அன்னிக்கே ஒரு குத்து வாங்கியிருந்தா, மூக்கு இந்நேரம் ஆறியிருக்கும்," என்றாள் மனைவி, அறுந்த சட்டைப் பொத்தானைத் தைத்தபடி. "எல்லாம் எங்கண்ணன் யோசனை!"

அண்ணன் அசரவில்லை. "இறங்கிடுவோம் மாப்ளே. மேல தேடுறவன் கீழ பார்க்க மாட்டான்."

பட்டினி. கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெயிலில் ஓட்டம். ஐம்பத்தைந்து கிலோ வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் நின்ற எலும்புக்கூடு திரும்பியது. சம்மட்டி!

"யோவ், ஒரு எடையில நிம்மதியா இருக்க விடமாட்டியா? எதுக்குய்யா என் பின்னாடியே வர்றே?" என்று கத்தினார் இவர்.

சம்மட்டி சட்டென்று துண்டோடு நின்ற தன் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவள் முன்னால் வந்தாள்.

"பின்னாடி வர்றது யாருங்க? உங்க குத்துக்குப் பயந்து இந்த மனுஷன் ஏத்தினது பதினஞ்சு கிலோ, எறக்கினது இருபது. அஞ்சு கிலோ நீங்கதான் எங்களுக்குப் பாக்கி!"