சின்னம்மாவின் மண்டைக்குள் அல்பா

பாதி படித்தவனிடம் விளக்கம் கேட்கக்கூடாது என்பார்கள் எங்கள் வீட்டில். கேட்காவிட்டாலும் சொல்லுவான் என்பதற்கு நானே சாட்சி.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்குத் திருகோணமலை வந்திருந்தேன். சின்னம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய். வலது கை ஓயாமல் நடுங்கும். துறைமுகக் கந்தோரில் இருபது வருடம் தொலைபேசி இணைப்புக் கொடுத்த கை அது. அன்று அவவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது நான்.

உட்துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சின்னம்மா நீட்டிய அடையாள அட்டை படபடவென்று ஆடியது.

"ஏன் கை ஆடுறது? பயம்தானே?" என்றான் ஆமிக்காரன், உடைந்த தமிழில்.

சின்னம்மா வாயைத் திறந்தா. நான் விடவில்லை. "நீங்கள் சும்மா இருங்கோ, நான் விளங்கப்படுத்திறன்." (முந்தின கிழமைதான் நரம்பு முனையில் டோபமீன் வெளியேறுவதை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்தைப் பற்றி வாசித்திருந்தேன். வாசித்ததை யார் தலையிலாவது கொட்டாவிட்டால் நித்திரை வராத வயது.)

"மூளையிலை டோபமீன் எண்டு ஒண்டு இருக்கு. அதின்ரை விடுதலையை..."

அவனுக்கு மொத்தம் பத்துத் தமிழ்ச் சொல் தெரிந்திருக்கும். அதில் ஒன்று ‘விடுதலை’. தோளில் தொங்கிய துவக்கு நிமிர்ந்தது. உள்ளேயிருந்து அதிகாரி வந்தார். அவருக்கு இன்னும் கொஞ்சம் தமிழ் தெரியும். அதுதான் என் கெட்டகாலம்.

"விடுதலை யார் கொன்ட்ரோல் பண்றது?"

"அல்பா, சேர்." (முழுப் பெயர் அல்பா சினூக்ளீன். நான் செல்லமாகச் சுருக்கினேன்.)

"அல்பா எங்கே?"

"சின்னம்மாவின்ரை மண்டைக்குள்ளை."

"எத்தனை பேர்?"

"கணக்கில்லை சேர். கூட்டமாச் சேரேக்கைதான் பிரச்சினை."

விஞ்ஞானப்படி ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் யாருடனும் வாதாடத் தயார். ஆனால் ஐந்து நிமிடத்தில் நாங்கள் உள்ளே மர வாங்கில் குந்தியிருந்தோம். என் இரண்டு கைகளும் நடுங்கின. எனக்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லை.

சின்னம்மா எழும்பினா. கிளினிக் கொப்பியை மேசையில் விரித்து, கந்தோரில் பழகிய சிங்களத்தில் இரண்டே வசனத்தில் நோயைச் சொல்லி முடித்தா. அதிகாரி சிரித்துவிட்டார். பதிவுப் புத்தகத்தைத் தள்ளி, கையெழுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

அதில் சிங்களத்தில் எழுதியிருந்ததைச் சின்னம்மா எழுத்துக் கூட்டி வாசித்தா. ‘பயத்தால் நடுங்கியதால் மறித்தோம்’ என்றிருந்தது. பேனையை வைத்துவிட்டா. அவருக்குச் சிங்களத்தில் சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னா: "இதை வெட்டுங்கோ. உங்களுக்குப் பயந்து இந்தக் கை ஒருநாளும் ஆடினதில்லை."

"சின்னம்மா, வைச்சிட்டு வாங்கோ, போவம்," என்று கெஞ்சினேன்.

"நீ இவ்வளவும் கதைச்சது காணும்."

கிளினிக் நேரம் போய்க்கொண்டிருந்தது. கை ஏலாது என்றால் பெருவிரல் அடையாளம் போதும் என்றார் அதிகாரி. சின்னம்மா அவரைப் பார்த்த பார்வையில் நான் வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்தேன். கடைசியில் அவர் அந்த வரியை வெட்டி, ‘நோய் வருத்தத்தால்’ என்று எழுதினார். அதன் பிறகு சின்னம்மா எழுத்தெழுத்தாகக் கையெழுத்து வைத்தா. மூன்று வரி தாண்டிப் பேனை ஓடியது. வெளியே வரிசை வீதி முனைவரை நின்றது.

கிளினிக் மூடியிருந்தது; இனி அடுத்த கிழமைதான். அந்தக் கிழமை முழுக்க மருந்தில்லாமல் தேத்தண்ணியைச் சிந்திச் சிந்திக் குடித்தா. ஒரு நாளாவது வருந்தியதாக நான் காணவில்லை.

சில வருடங்கள் கழித்து என் கலியாணப் பதிவு. பதிவாளர், "சம்மதமா?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். பின்னால் கதிரையிலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது:

"ஓம் எண்டு மட்டும் சொல்லு ராசா. விளங்கப்படுத்தாதை."