பாதபூஜைக்கு முன்னால் பதினோரு ஊசி

கால்ல ஊசி போட்டுக்கணும். வேலை அவ்வளவுதான்.

தை மாசம் ஆத்துக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். பிள்ளையும் மாட்டுப்பொண்ணும் எங்களுக்குப் பாதபூஜை பண்ணுவா. வீடியோக்காரன் காலையே பிடிப்பான். என் கணுக்கால்லயோ சிவப்பும் நீலமுமா சிலந்தி வலை மாதிரி நரம்பு.

அதைக்கூடப் பொறுத்துப்பேன். மாம்பலத்துலேர்ந்து நாத்தனார் வத்சலா வரா. போன தடவை டெல்லி வந்தப்போ, "மன்னி, கால்ல என்ன மண்புழு ஊர்ந்தாப்ல இருக்கு?"ன்னு நாலு பேர் நடுவுல கேட்டவ. அவ கண்ணுல மட்டும் இந்தக் கால் படக்கூடாது.

கரோல் பாக்ல ஒரு லேடி டாக்டர் இருக்கா, ஊசியாலயே மறைய வச்சுடுவான்னு மாட்டுப்பொண்ணு கார்த்திகையிலயே சொன்னா. நான்தான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். ஒரு நாள் அஷ்டமி. மறுநாள் நவமி. அப்புறம் செவ்வாய்க்கிழமை. அதுக்குள்ள மார்கழி பொறந்துடுத்து. மார்கழில நல்ல காரியம் ஆரம்பிக்கப்படாதே.

"கால்ல ஊசி குத்திக்கறது நல்ல காரியமாம்மா?"ன்னு கேட்டா அவ. சின்னவ, அவளுக்கென்ன தெரியும்.

தை ரெண்டாம் தேதி, ராகுகாலம் முடிஞ்சு, டாக்டர் முன்னால உக்காந்தேன். விசேஷம் எப்போன்னு கேட்டா. பத்து நாள்லன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டா. ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கணுமாம். முதல்ல கன்னிப்போய் இன்னும் மோசமாத் தெரியுமாம், அப்புறம் மெதுவாத்தான் மறையுமாம். விசேஷம் முடிஞ்சு வாங்கோன்னா.

"இன்னிக்கு விட்டா நல்ல நாள் இல்லை. குத்துங்கோ ஜி"ன்னேன் ஹிந்தில.

பதினோரு ஊசி. எறும்புக்கடி மாதிரி சுருக் சுருக்குன்னு இருந்தது. கடைசில முழங்கால் வரைக்கும் இறுக்கமா ஒரு சாக்ஸ். விரல் மட்டும் வெளில. ரெண்டு வாரம் பகல்ல கழட்டக்கூடாது, தினம் நடக்கணும்னா.

ராத்திரி கழட்டிப் பார்த்தேன். மஞ்சள், ஊதா, பச்சை. முன்னாடி கோடு மட்டும்தான் இருந்தது, இப்போ கலரும் அடிச்சிருக்கான்னார் ஆத்துக்காரர். எனக்கு அழுகையே வந்துடுத்து.

விசேஷத்தன்னிக்கு ஒன்பது கஜம், வைர மூக்குத்தி, வெள்ளைக்காரி தோல் கலர்ல சாக்ஸ். முன்னால மெட்டி போட்ட விரல் மட்டும் எட்டிப் பார்க்கறது. மந்திரம் சொல்ல வந்த வாத்தியார் கழட்டச் சொன்னார். டாக்டர் உத்தரவுன்னேன். கொஞ்சம் யோசிச்சு, சரி, விரலுக்கு மட்டும் பண்ணிடலாம்னுட்டார். பிள்ளை பத்து விரலையும் ஒவ்வொண்ணா அலம்பி மஞ்சள் குங்குமம் வச்சான். வீடியோக்காரன் குனிஞ்சவன் நிமிரவே இல்லை.

வத்சலா நேரா என்கிட்ட வந்தா. காலையே உத்துப் பார்த்தா. போச்சு, மானம் போச்சுன்னு நினைச்சேன்.

காதோரம் குனிஞ்சு, "மன்னி, இதை எங்க வாங்கினேள்?"ன்னா.

யாரும் பார்க்கலைன்னு தெரிஞ்சுண்டு புடவையை ரெண்டு விரல் தூக்கிக் காட்டினா. அவ கணுக்கால்லயும் அதே சிலந்தி வலை, என்னைவிட ரெண்டு பங்கு.

"போட்டுண்டா ஒண்ணுமே தெரியலையே. எனக்கும் ஒரு ஜோடி வாங்கிக் குடுங்கோ."

பதினோரு ஊசி குத்திண்டு நான் கத்துண்டது இதுதான்: வெறும் சாக்ஸே போறும்.