சுவரைத் தொடாத பிள்ளை

உவர்மலை,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

கோணேசப் பெருமான் அருளால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் இரும்புக் கடைக்கு மேற்பார்வையாளர் வேண்டும் என்று மூன்று முறை கேட்டீர்கள்; மூன்று முறையும் நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சம்மதம். அடுத்த மாதம் முதலாம் திகதி வந்து சேருகிறேன். பதினொரு வருடம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கிய எனக்கு, ஆணிகளுக்கு எதையும் பழக்கத் தேவையில்லை என்பதே பெரிய ஆறுதல்.

காரணம் சொல்லாவிட்டால் அக்கா விடமாட்டா. நேற்றுக் கொழும்பில் நடந்த போட்டிக்குச் சல்லிக் கிராமத்திலிருந்து நிரோஜினியைக் கூட்டிப் போனேன். வயது பதின்மூன்று, மீன்பிடிக்கும் இராசையாவின் மகள். எங்கள் துறைமுகக் குடாவில் அவளோடு போட்டிக்கு நீந்த ஆளில்லை. சனியன் விண்ணப்பப் படிவத்திலேயே தொடங்கிவிட்டது. நீங்கள் பயிலும் தடாகத்தின் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள், கடல் என்று எழுதினேன், அடுத்த நாளே ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "எவ்வளவு நீளம் ஐயா?" என்றார், "அந்தப் பக்கம் மூதூர் வரைக்கும்" என்றேன், பட்டென்று வைத்துவிட்டார். அங்கே போனால், பிள்ளை தடாகத்தில் இறங்கின உடனேயே, "சேர், தண்ணியில உப்பே இல்லை, ஆளைத் தூக்குதில்லை" என்று பயந்துவிட்டாள்.

என்றாலும் நீந்தினாள் அத்தான்! ஐம்பது மீற்றர், இருபத்தைந்து போய்த் திரும்ப வேண்டும். போகும்போது அவள்தான் முதல். நானும் இராசையாவும் கதிரையில் ஏறி நின்று கத்துகிறோம். சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போதே, அதில் கால்கூடப் படாமல், அழகாகத் திரும்பி வந்துவிட்டாள். முதலாவதாகத்தான் முடித்தாள். நடுவர் கையை உயர்த்தினார். சுவரைத் தொடாததால் தகுதியில்லையாம்.

"ஏன் பிள்ளை தொடேல்ல?"

"சிப்பி வெட்டும் சேர். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

ஓம், நான்தான் சொன்னேன். எங்கள் இறங்குதுறைத் தூண்களெல்லாம் சிப்பி. ஒரு பிள்ளையின் பாதம் கிழிந்த நாளிலிருந்து, எதிலும் முட்டாமல் திரும்பு என்று நான்கு வருடமாக ஒவ்வொரு காலையும் சொன்னேன். சுவரில் உதைத்துத் திரும்பச் சொன்னதோ பத்தே பத்து நாள், அதுவும் என் வீட்டுச் சுவரில் சோக்கால் கோடு போட்டு. அவள் பிழைவிடவில்லை. நான் பழக்கியதைத் துளியும் பிசகாமல் செய்தாள். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. திரும்பி வரும்போது எட்டு மணித்தியாலமும் இராசையா பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். ஏசியிருந்தால் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன்.

அக்காவுக்கு என் அன்பு. மருமக்களுக்கு எல்லா நலமும் கூடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
ஞானசேகரம்

பி.கு.: இன்று திங்கள். தபாற்கந்தோருக்குப் போகிற வழியில், பிள்ளைகளிடம் விடைபெற்றுக்கொள்ளலாம் என்று குடாவுக்கு இறங்கினேன். இராசையா இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு தூண்களுக்கு நடுவே பழைய வள்ளத்துப் பலகைகளைச் சுவர்போல வரிந்து கட்டிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸில வரேக்க இதைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான் சேர். சிப்பியெல்லாம் சுரண்டிப்போட்டன். ஒருக்கா மிதிச்சுப் பாருங்கோ, ஆடுதோ எண்டு."

உடுத்த உடுப்போடு இறங்கினேன். நீந்திப் போய்த் திரும்பினேன். நிரோஜினி கரையிலிருந்து கைதட்டிச் சிரித்தாள்: "சேர், நீங்களும் தொடேல்ல!"

இந்தக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. காயவைத்து அனுப்புகிறேன். முதற் பந்தியில் மை நன்றாகக் கரைந்திருக்கிறது. வாசிக்க முடிந்தாலும், தயவுசெய்து வாசிக்க வேண்டாம்.