படிக்கட்டு அலைவரிசை குறித்து மாப்பிள்ளைக்கு ஒரு முறையீடு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே மற்ற எல்லோரும் சுகம். அங்கே உங்கள் ஆராய்ச்சியும், சைக்கிள் கடை வைத்திருக்கும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டும்.

போன முறை வந்தபோது உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி விளக்கினீர்கள். அலைவரிசை ஒருவருக்குச் சொந்தம். அவர் சும்மா இருக்கும் நேரம் பார்த்து இன்னொருவர் அதைப் பயன்படுத்தலாம். சொந்தக்காரர் வந்ததும் ஒதுங்கிவிட வேண்டும். பதிலுக்கு, அவருடைய செய்தி பாதி வழியில் தேய்ந்தால் நடுவில் நின்று வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம் வீட்டில் செல்போன் சிக்னல் கிடைப்பது மாடிப்படித் திருப்பத்தில் மட்டும். முப்பது வருடம் நிலம் அளந்தவன் நான். சிக்னலையும் அளந்து, இரண்டடிக்கு ஒன்றரையடி சாக்பீஸ் கட்டம் போட்டேன். சொந்தக்காரன் நான். இடைவெளியில் பயன்படுத்துபவர், மாடியில் குடியிருக்கும் பஸ் நிலைய அறிவிப்பாளர்.

எனக்கோ போன் செய்ய ஆளில்லை. "படிச்சதெல்லாம் பஞ்சர் ஒட்டத்தானா?" என்று கடை திறந்த அன்று எல்லார் முன்னாலும் நான் கேட்டதிலிருந்து மகள் மூன்று மாதமாக என்னோடு பேசுவதில்லை. "உங்க பேச்சை நீங்களே சுமங்க" என்று உங்கள் அத்தையும் கைகழுவிவிட்டாள். ஆனாலும் உரிமை உரிமைதானே? அறிவிப்பாளரைக் கட்டத்திலிருந்து ஒதுங்க வைப்பதற்காகவே தினமும் இருபது தடவை படியேறினேன். ஒருநாள் பதினேழாவது தடவையில் முழங்கால் பிசகியது.

ஆகவே உங்கள் ஏற்பாட்டின் அடுத்த பாகத்துக்குப் போனோம். நான் கீழே நாற்காலியில், அவர் என் போனோடு கட்டத்தில், மறுமுனையில் மகள். "நல்லா இருக்கியான்னு கேளுங்க" என்றேன், கேட்டார். பிறகு உங்கள் அத்தையின் பக்கம் திரும்பி, "இவளுக்குத் திமிரு இன்னும் குறையல" என்று முணுமுணுத்தேன். அதையும் பஸ் நிலையக் குரலில் இரண்டு முறை அறிவித்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, மகள் போனை வைத்துவிட்டாள். பேச்சைப் பெரிதாக்கினால் குப்பையும் சேர்ந்து பெரிதாகும் என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை?

மறுநாள் அவர், "சார், வந்ததை அப்படியே அனுப்பினா சரிப்படாது. புரிஞ்சுக்கிட்டு அனுப்புறேன்" என்றார். நானும் நம்பிப் பத்து நிமிடம் பேசினேன்: கடைவாசலின் சாய்மானம், மழைநீர் போகும் வழி, பெயர்ப்பலகையின் உயரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மகளிடம் சொன்னது ஒரே வரி: "அப்பா அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுன்னு வருத்தப்படுறாரும்மா."

நான் அப்படிச் சொல்லவே இல்லை! ஆனால் மகள் இந்த முறை போனை வைக்கவில்லை. பிறகு நாற்பது நிமிடம் பேசினாள், அவரோடு! இப்போது தினமும் மாலையில் பேசுகிறாள். உங்கள் அத்தையும் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறாள். சொந்தக்காரன் மட்டும் கீழே தனியாக. அரை மணி நேரச் சிரிப்புக்குப் பிறகு "என்னவாம்?" என்று கேட்டால், "சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க சார்" என்று சுருக்கி அனுப்புகிறார்.

எனவே, நான் மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை என்ற மறுப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். மகளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பவும்.

உங்கள் ஆராய்ச்சி ஓங்கட்டும், என் வீட்டுக்கு வெளியே. இருவரும் குறையின்றி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
படிக்கட்டுத் திருப்பத்தின் சட்டபூர்வ உரிமையாளர்

பி.கு.: மறுப்பைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். முழங்கால் சரியாகிப் பத்து நாளாகிறது, யாருக்கும் சொல்லவில்லை. படியேறினால் நானே அவளிடம் பேச வேண்டியிருக்கும். அறிவிப்பாளர் சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது.